எந்த வீட்டுக்குள்ளே இருப்பது?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. "வீட்டுக்குள்ளேயே இருங்க" என்றது அரசு. ஆலங்காயத்துச் சேரிக்கும் மும்பைக் குடிசைக்கும் அதே கட்டளைதான். ஏப்ரல் 20 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் கணக்குச் சொன்னது: ஊரடங்குக்கு முன் 3.4 நாளில் இரட்டிப்பான கொரோனா, இப்போது 7.5 நாளில்தான் இரட்டிப்பாகிறது.

இந்தக் கணக்கை நாம் கேலி செய்யவில்லை. 100 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். 3.4 நாளுக்கொரு முறை இரட்டித்தால் 15 நாளில் 2,000 பேரைத் தாண்டிவிடும். 7.5 நாள் என்றால் 400 பேர்தான். தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க உதவும் அளவுகோல்தான் இது. ஆனால் அது எண்ணுவது பரிசோதனையில் தெரிந்தவர்களை மட்டும். சோதனையே போகாத தெருவில் நோயும் இல்லை என்றுதான் கணக்குச் சொல்லும். அதைவிடப் பெரிய ஓட்டை, இது நாட்டுக்கே ஒரு சராசரி. வாழ்க்கையில் ஒன்றாகாத ஊரும் சேரியும் சராசரியில் மட்டும் ஒன்றாகிவிடுகின்றன!

பிரித்து அளந்தபோது என்ன தெரிந்தது? 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை நடந்தது. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் வந்துபோன தடயம். மற்ற பகுதிகளில் 16 சதவீதம். ஒரே நகரம், ஒரே ஊரடங்கு. ஒரு கழிப்பறைக்குப் பல குடும்பங்கள் வரிசையில் நின்றால் இடைவெளி எங்கிருந்து வரும்?

"சமூக இடைவெளி" என்று அன்று எத்தனை சுலபமாகச் சொன்னார்கள்! காலங்காலமாக நம்மைத் தள்ளி நிறுத்தியவர்களுக்கு அது பழகிய சங்கதி. உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில் "உடல் இடைவெளி" என்று மாற்றிச் சொன்னது. குப்பை அள்ளவும் சாக்கடை அள்ளவும் மட்டும் நம்ம ஆட்கள் வெளியே வரணும். அங்கே எந்த இடைவெளிப் பேச்சும் இல்லை.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்குப் போகும் வழியில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து, எங்கோ இருக்கிற விண்மீனின் ஒளியை அளக்கிறார்கள். நல்லது, அளக்கட்டும். அடிவாரத்துச் சேரியில் ஒரு குழாய்க்கு எத்தனை குடும்பம், ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று அளக்கத் தொலைநோக்கி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

மாணவத் தோழர்களே, அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். குழாய் எத்தனை, கழிப்பறை எத்தனை, வேலைக்குப் போகாவிட்டால் எத்தனை நாள் அடுப்பெரியும்? அதை ஊராட்சியிலும் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்திலும் வைத்து, குழாயும் கழிப்பறையும் வீடும் கேளுங்கள். "வீட்டுக்குள்ளேயே இரு"ன்னு சொல்கிற அரசு, முதலில் இருக்க ஒரு வீட்டைக் கொடுக்கட்டும்.