யாருக்குப் பயிற்சி?

பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றொரு நம்பிக்கை நம் படித்தவர்களிடம் உண்டு. சர்க்கார் ஒலிபரப்பைப் பொதுஜன ஒலிபரப்பாக மாற்ற வேண்டுமா? ஊழியர்களை வகுப்புக்கு அனுப்பு.

ஆகாசவாணிக்கு 1948-லிருந்தே பயிற்சி நிலையம் இருக்கிறது. மைக்கின் முன் எப்படிப் பேசுவது, நாடாவை எங்கே வெட்டுவது எல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது இந்தத் திறமைகளில் எதுவும் குறைந்துவிடவில்லை. உச்சரிப்புப் பிசகாமல்தான் செய்தி வாசிக்கப்பட்டது. எதை வாசிப்பது என்பதை மட்டும் வேறு இடத்தில் தீர்மானித்தார்கள்.

பிறகு வர்கீஸ் குழு, 1978-ல் அறிக்கை. 1990-ல் பிரசார் பாரதி சட்டம். அது அமுலுக்கு வர 1997 ஆயிற்று. ஊழியர்கள் என்ன ஆனார்கள்? 2000 ஏப்ரல் 1-ல் பணியிலிருந்த பழைய ஊழியர்கள், ஓய்வு பெறும்வரை சர்க்காரிலிருந்து டெபுடேஷனில் வந்தவர்களாகவே கருதப்படுவார்கள் என்று 2011-ஆம் வருஷத் திருத்தச் சட்டம் எழுதிவைத்தது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. பென்ஷன் பயம் எனக்கும் தெரியும். ஆனால் 'நீ சர்க்காரின் ஆள், இரவலாக இங்கே இருக்கிறாய்' என்று சட்டமே சொல்லிக்கொடுத்த பாடத்தை எந்த வகுப்பு அழிக்கும்?

நான் வங்கி குமாஸ்தா. வாடிக்கையாளரே எஜமானர் என்று இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள். மூன்றாம் நாள் கவுண்டரில் ஒரு வயதான அம்மாள் பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு நின்றார். மேனேஜர் என்னிடம் கேட்டது, இந்த மாதம் எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்தாய் என்பதுதான். அந்த அம்மாளின் தலையில் ஒரு பாலிசியைக் கட்ட முடியுமா என்று நான் யோசித்தேன். என்னைப் பயிற்றுவித்தது வகுப்பல்ல, அந்தக் கேள்வி.

அமைச்சகத்திலிருந்து டெலிபோன் வருகிறது. செய்தி ஆசிரியர் 'முடியாது' என்கிறார். மறுநாளும் அதே நாற்காலியில் அவர் இருப்பாரா? இருப்பார் என்றால் பயிற்சிக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் அது நாகரிகமாகக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுப்பது.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இதில் சிரிக்க எதுவுமில்லை. வானொலியில் பேச அழைப்பு வந்தால் பிரதியை முன்கூட்டியே தர வேண்டும். எந்த வரி அடிபடும் என்று ஊகித்து வீட்டிலேயே அடித்துவிடுகிறோம். நானும் இரண்டு வரிகளை அப்படி அடித்தேன். யாரும் கேட்கவில்லை. எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் நான் போனதுமில்லை.