கூட்டத்துக்குக் கெடு நீட்டினால் சரக்குக் கொடுத்தவன் கதி என்ன?



'ஐ.பி. கொடுத்துவிட்டான்', 'மஞ்சள் கடுதாசி வந்துவிட்டது' என்ற பேச்சைக் கடைவீதியில் கேட்காதவர் நம்மில் இல்லை. அது தனி ஆள் வியாபாரமும் பங்குதாரர் வியாபாரமும் நொடிந்த காலத்துப் பேச்சு. கடன்பட்டவர் நம் ஊர்க்காரர். நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, ரூபாய்க்கு நாலணாவோ ஆறணாவோ பேசி முடித்து, பேரேட்டில் கணக்கை நேர் செய்துவிடுவோம்.

இப்போது நம் சரக்கில் பெரும்பங்கு கம்பெனிகளுக்குப் போகிறது. தொடர் கடைகள், மசாலா ஆலைகள், எண்ணெய் ஆலைகள் எல்லாம் லிமிடெட் கம்பெனிகள். 1997-ல் சென்னையில் தொடங்கி சுமார் 1,600 கடைகள் வரை விரிந்த சுபிக்ஷா 2009-ல் மூடியபோது, சரக்குக் கொடுத்தவர்கள் பட்ட பாடு நாடறிந்தது. அன்று இதற்கென ஒழுங்கான சட்டம் இல்லை. 2016-ல் திவால் சட்டம் வந்தது. வேகம்தான் அதன் உயிர்நாடி என்று சொன்னார்கள்.

சட்டத்தின்படி நடப்பது இதுதான். தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளிலிருந்து யாரும் வசூலுக்கு வழக்குப் போட முடியாது. தீர்வு அதிகாரி ஒருவர் கம்பெனியைக் கையில் எடுத்து, பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, 14 நாளில் கணக்கைக் கேட்பார். பிறகு கடன் கொடுத்தோர் கமிட்டி அமையும். அமைந்த 7 நாளில் முதல் கூட்டம் நடக்க வேண்டும். 180 நாளில் காரியம் முடிய வேண்டும். கமிட்டியில் 66 சதவீத வாக்கு இருந்தால் மேலும் 90 நாள் கேட்கலாம். கோர்ட் வழக்கு நாட்களையும் சேர்த்து 330 நாளுக்கு மேல் கூடாது என்று 2019-ல் திருத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவிர்க்க முடியாத நிலைமையில் 330 நாளையும் தாண்டலாம் என்று சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதி, கமிட்டி 30 நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிறது. ஆனால் கமிட்டியே தீர்மானித்தால் மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும் என்றும் அதே விதி இடம் கொடுக்கிறது.

அந்தக் கமிட்டியில் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பாங்குகளும் பணக்கடன் கொடுத்தவர்களும்தான். சரக்குக் கொடுத்த நமக்கு அங்கே வாக்கு இல்லை. கூட்டம் தள்ளிப் போனால் பாங்குக்கு ஒரு கோப்பு இன்னும் மூன்று மாதம் மேஜையில் இருக்கும், அவ்வளவுதான். நமக்கு அப்படியல்ல. 10 லட்ச ரூபாய்க்கு 5 சதவீத வரியுள்ள சரக்குப் போட்டிருந்தால், 50 ஆயிரத்தை மறுமாதமே ஜி.எஸ்.டி.யாகக் கட்டியாயிற்று. பாக்கி வராவிட்டாலும் அந்த வரியைத் திரும்பக் கொடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் வழியில்லை. முதலை ஒன்றரை வட்டிக்குப் புரட்டியவருக்கு மாதம் 15 ஆயிரம் கையை விட்டுப் போகும். இதற்கிடையில் கொள்முதல் செய்த இடத்தில் 'நாளைக்கு, நாளைக்கு' என்று நாக்கு வறளப் பேச வேண்டும்.

பிக் பஜார் கடைகளை நடத்திய ஃபியூச்சர் ரீடெயில் கம்பெனி மீது 2022 ஜூலையில் இந்த நடவடிக்கை தொடங்கியது. கெடு மேல் கெடு நீட்டினார்கள். கடைசியில் 2024 ஜூலையில் கலைப்புக்கே உத்தரவாயிற்று. 330 நாள் எங்கே, இரண்டு வருஷம் எங்கே!

ஆகவே கெடுவே நீட்டக் கூடாது என்று நாம் கொடி பிடிக்க வேண்டும் என்பார் சிலர். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. கெடு முடிந்து கம்பெனி கலைப்புக்குப் போனால், தீர்வுச் செலவு, தொழிலாளர் பாக்கி, ஈட்டுக்கடன் பாங்கு, மற்ற பணக்கடன், சர்க்கார் வரி எல்லாம் போன பிறகே நம் முறை வரும். பந்தியில் கடைசி இலை. பாத்திரத்தில் எதுவும் மிஞ்சியிருப்பது அபூர்வம். வாங்க ஆள் வந்து கம்பெனி ஓடினால் நமக்கு ஏதோ ஒரு பங்கும் கிடைக்கும். நாளைக்குச் சரக்குப் போட ஒரு வாடிக்கையும் மிஞ்சும். உண்மையாக விலை பேச ஆள் வந்திருக்கிறார், கணக்குப் பார்க்க ஒரு மாதம் வேண்டும் என்றால் கொடுக்கட்டும். பெரிய பாங்கு ஒன்றின் மேலிடத்திலிருந்து கடிதம் வரவில்லை என்பதற்காகக் கூட்டத்தைத் தள்ளுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

ஒவ்வொரு முறை கெடு கேட்கும்போதும், ஏன் கேட்கிறார்கள், பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்பதைக் கணக்குக் கொடுத்த அத்தனை பேருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை. தபால் செலவுக்குக்கூட இடமில்லை. மின்னஞ்சலில் ஒரு வரி போதும். சங்கம் இதை மத்திய சர்க்காருக்கும் திவால் வாரியத்துக்கும் மனுவாக அனுப்ப வேண்டும்.

சட்டம் கொடுத்த ஒரு வாசலை நாம் திறக்காமலே விட்டு வைத்திருக்கிறோம். சரக்குக் கொடுத்தவர்களின் மொத்தப் பாக்கி, கம்பெனியின் கடனில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், எல்லோருக்குமாக ஒரு பிரதிநிதி கூட்டத்தில் உட்காரலாம். வாக்கு இல்லை என்றாலும் பேச்சு காதில் விழும். எதற்காகத் தள்ளுகிறார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். நம் ஒருவரின் 8 லட்சம் அங்கே எள்ளளவு. இருநூறு பேருடையதைச் சேர்த்தால் கணக்கே வேறு. ஆனால் நாமோ பாக்கி இருப்பதையே வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம், கடன் கொடுத்தது நம் குற்றம் போல!

நீட்டிய கெடுவை நம்பிக் கணக்குக் கொடுக்காமல் இருப்பது ஆபத்து. 14 நாளைத் தவறவிட்டவர், தாமதத்துக்குக் காரணம் சொல்லி, 90 நாள் வரை அல்லது வாங்க வருவோரிடம் திட்டம் கேட்கும் அறிவிப்பு வரும் வரை, எது பிந்தியதோ அதுவரை கொடுக்கலாம். அதன் பிறகு கமிட்டியும் தீர்ப்பாயமும் மனம் வைத்தால்தான் உண்டு. திட்டம் ஒப்புதலாகிவிட்டால் அதில் இல்லாத பாக்கி ஒழிந்தது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பில், லாரி ரசீது, ஜி.எஸ்.டி. கணக்கு, கம்பெனி கையெழுத்திட்ட பாக்கிச் சீட்டு இவற்றை 'பி' படிவத்தோடு முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

நடவடிக்கை தொடங்கிய பிறகும் அதே கம்பெனிக்குச் சரக்குப் போடுபவர்கள் தீர்வு அதிகாரியின் எழுத்து மூல ஆர்டர் இல்லாமல் ஒரு மூட்டைகூட ஏற்ற வேண்டாம். அந்தப் பற்றைப் பழைய பாக்கியோடு கலக்காமல் தனிப் பேரேட்டில் எழுதுங்கள். தீர்வுச் செலவாக முதல் வரிசையில் கிடைக்க வேண்டிய பணம் அது.