வெறும் பை என்று இகழலாமா?

உயிரியல் ஏட்டில் நாம் அனைவரும் வரையும் படம் ஒன்று உண்டு. வட்டமாக ஒரு செல், அருகே முள் முளைத்த ஒரு வைரஸ், இடையே ஓர் அம்புக்குறி. 'வைரஸ் செல்லினுள் நுழைகிறது' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. எப்படி நுழைகிறது? பூட்டிய வீட்டில் திருடன் புகுந்தால், எந்தக் கதவு வழியாக என்று கேட்க மாட்டோமா? 2020-இல் அத்திருடனுக்கு அஞ்சித்தானே நம் பள்ளிக் கதவுகளே மூடப்பட்டன!

கொரோனா வைரஸின் முள், நம் செல்லின் மேலுள்ள ஏசிஇ-2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே வருகிறது. இதைக் காண உயிருள்ள வைரஸை வளர்ப்பது ஆபத்தானது. மிகுந்த பாதுகாப்புள்ள ஆய்வுக்கூடம் வேண்டும். இங்கேதான் நுண்பைகள் கைகொடுக்கின்றன. செல்கள் தம் சவ்வினாலான சின்னஞ்சிறு பைகளை வெளியே விடுகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே இருக்கும் பைகளும் உண்டு. கொரோனா வைரஸும் ஏறக்குறைய அந்தப் பருமன்தான். தாய்ச் செல்லின் புரதங்கள் பையின் மேலும் இருக்கும். ஆனால் பெருகுவதற்கு வேண்டிய செல்லின் முழுக் கருவிகள் அதில் இல்லை. ஆகவே வைரஸ் அதில் பெருக முடியாது. வீடில்லாத கதவு! வைரஸே இல்லாமல், முள்ளை மட்டும் தாங்கிய பையையும் செய்துகொள்ளலாம்.

1983-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ரோஸ் ஜான்ஸ்டன் அம்மையாரின் குழுவினர், ஆட்டின் இளம் இரத்த அணுக்கள் தமக்கு வேண்டாத புரதத்தை இத்தகைய பைகளில் வைத்து வெளியேற்றுவதைக் கண்டனர். குப்பைக்கூடை என்றே பலரும் நெடுநாள் எண்ணியிருந்தார்கள்.

"வெறும் பைக்குக் காய்ச்சல் வருமா? இருமுமா?" என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி மடக்கினாள். நியாயமான கேள்விதான். உடல் எப்படிப் போராடுகிறது என்பதைப் பை சொல்லாது. ஆனால் தாழ்ப்பாளை ஆராய வீட்டையே இடிக்க வேண்டுமா? ஃப்ளூ வைரஸைக் கொழுப்பாலான செயற்கைப் பைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். சிறிது அமிலம் சேர்த்த பிறகே இரு சவ்வுகளும் ஒன்றாயின. செல்லினுள்ளும் அமிலம் ஊறும் ஒரு பைக்குள்ளிருந்துதான் அது தப்பி வருகிறது. ஓர் எலியைக்கூட வதைக்காமல் இவ்வளவு தெரிகிறதென்றால், முதலில் பை, பிறகே பிராணி என்ற முறையே சரி என்பது எங்கள் கருத்து.

பை எப்போதும் நம் பக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். போலியோ வைரஸ்கள் ஒரே பையில் கூட்டமாக ஏறி அடுத்த செல்லுக்குப் போவதை 2015-இல் கண்டறிந்தார்கள், நாம் சுற்றுலாப் பேருந்தில் போவதைப் போல!

அரையாண்டுத் தேர்வில் எங்களுள் மூவர் அம்புக்குறியின் அருகே அச்சிறு பையையும் வரைந்தோம். மதிப்பெண் குறையவில்லை.