சொந்த நூல் போட யார் இருக்கிறார்கள்?

2024 செப்டம்பர் 14, ஸ்டாக்ஹோம். டேவிஸ் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிரான முதல் ஒற்றையர் ஆட்டத்துக்கு இந்தியா அனுப்பியது கோவைக்காரர் ஸ்ரீராம் பாலாஜியை. அப்போது அவருக்கு வயது 34. பல ஆண்டுகளாக இரட்டையர் ஆட்டமே அவருக்குத் தொழில். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோஹன் போபண்ணாவோடு ஜோடி சேர்ந்து ஆடிவிட்டு வந்திருந்தார். அணியின் முதல் ஒற்றையர் ஆட்டக்காரரான சுமித் நாகலுக்கு முதுகு வலி, வரவில்லை. யூகி பாம்ப்ரியும் ஆடவில்லை. வேறு வழியின்றி பாலாஜி இறங்கினார். எலியாஸ் இமரிடம் 4-6, 2-6 என்று தோற்றார்.

இரட்டையர் ஆடுகளத்தின் அகலம் 36 அடி. காப்பவர்கள் இருவர், ஆளுக்கு 18 அடி. ஒற்றையரில் 27 அடியையும் ஒருவரே ஓடிக் காக்க வேண்டும். வலைக்கு அருகில் நின்று ஒரே வீச்சில் புள்ளியை முடித்துப் பழகிய கால்களை, பின்கோட்டில் இருபது முறை பந்தைத் திருப்பி அனுப்பு என்று திடீரென்று கேட்டால் என்ன ஆகும்? இதில் பாலாஜியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில், 60 ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் மண்ணில் ஆடப்போன இந்திய அணிக்காக, இஸ்லாமாபாதின் புல்தரையில் அகீல் கானை ஒற்றையரில் வென்று கொடுத்தவரும் அவர்தான். கூப்பிட்டபோதெல்லாம் போனார். கேள்வி, ஏன் அவரைக் கூப்பிட வேண்டி வந்தது என்பதுதான்.

டேவிஸ் கோப்பையில் இந்தியா ஆடும் சுற்றுகளில் ஒரு நாட்டோடு மோதினால் மொத்தம் ஐந்து ஆட்டங்கள். நான்கு ஒற்றையர், ஒன்று இரட்டையர். மூன்று வென்றால் போதும். உலகமே வியக்கும் இரட்டையர் ஜோடி உங்களிடம் இருந்தாலும் அது ஒரு புள்ளிதான். லியாண்டர் பயஸ் டேவிஸ் கோப்பை இரட்டையரில் 43 வெற்றிகள் பெற்றார், உலக சாதனை. ஆனால் அவர் ஆடிய காலத்தில் இந்தியா ஒருமுறையும் இறுதிப் போட்டியை எட்டவில்லை. எட்டியதெல்லாம் அதற்கு முன்பு: 1966, 1974, 1987. அந்த அணிகளை ஒற்றையரில் தாங்கியவர்கள் ராமநாதன் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள், ரமேஷ் கிருஷ்ணன். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று 1974 இறுதிப் போட்டியையே விட்டுக்கொடுத்தோம். என்னைக் கேட்டால், நம் டென்னிஸ் வரலாற்றில் ஆடிய எந்த ஆட்டத்தைவிடவும் அந்த ஆடாத ஆட்டமே பெரியது.

பிறகு ஏன் இந்திய ஆண்கள் இரட்டையருக்கே ஒதுங்குகிறார்கள்? திறமைக் குறைவு, உடல்வாகு என்றெல்லாம் சொல்வார்கள். நான் பார்ப்பது முதலீட்டை. சோமனூரிலோ பல்லடத்திலோ தறி ஓட்டுபவரிடம் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார். சொந்தக் காசில் நூல் வாங்கி நெய்தால் லாபமும் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. கையில் முதல் இல்லாதவர் கூலிக்கு ஓட்டுவார். உழைப்பு குறையாது, ஆபத்து குறையும். டென்னிஸில் ஒற்றையர் என்பது சொந்த நூல் போட்டு ஓட்டுகிற தறி. இரட்டையரில் அறை வாடகை, பயிற்சியாளர் செலவு எல்லாவற்றையும் ஜோடியோடு பகிர்ந்துகொள்ளலாம். உடம்பும் நீண்ட காலம் ஈடுகொடுக்கும். போபண்ணா 43 வயதில் இரட்டையர் தரவரிசையில் முதலிடம் பிடித்தது இந்த ஆட்டத்தில்தான்.

ஒற்றையரின் அடிப்படி எப்படி இருக்கிறது? உலகத் தரவரிசைப் புள்ளி கிடைக்கும் மிகச் சிறிய ஆண்கள் போட்டியில் மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு வருவது அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. துனிசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற ஊர்களில் வாராவாரம் இந்தப் போட்டிகள் நடப்பதால் நம் பையன்கள் அங்கே போய்க் கிடக்கிறார்கள். விமான டிக்கெட், அறை, சாப்பாடு; இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அறுந்துபோகும் ஸ்ட்ரிங்; கான்கிரீட் களத்தில் தேய்ந்து ஓட்டையாகும் ஷூ. இத்தனைக்கும் அப்பாவின் பிஎஃப் பணம் எத்தனை மாதம் தாங்கும்? நாட்டின் முதல்நிலை ஆட்டக்காரரான நாகலே 2023இல், வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

முதலை வேறு யாராவது போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இந்தியா 3-1 என்று வென்றது. ஐரோப்பிய நாடு ஒன்றை அதன் மண்ணிலேயே வென்றது 1993க்குப் பிறகு அதுவே முதல்முறை. மூன்று புள்ளிகளும் ஒற்றையரில் வந்தவை, தோற்றது இரட்டையரில். முதல் புள்ளியை எடுத்தவர் மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ். தரவரிசையில் 600க்கும் கீழே இருந்தவர், தன் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்திலேயே தன்னைவிட நானூறு இடங்களுக்கு மேல் முன்னால் இருந்த ஜெரோம் கிம்மை வீழ்த்தினார். அவரை வளர்த்தது அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ். களம், பயிற்சியாளர், பயணம் எல்லாவற்றையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

அமெரிக்காவால்தான் முடியுமா? செலவு பிடிக்கும் விளையாட்டுக்குக் காசு போடுவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. கோவைத் தொழில் குடும்பத்துப் பிள்ளை கரிவரதன் இங்கேயே ரேஸ் கார்களை வடிவமைத்துக் கட்டினார். அந்தக் கார்களில் கை பழகிய ஒரு தலைமுறையிலிருந்து வந்தவர், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். செட்டிபாளையத்து ஓடுதளம் இன்றும் கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. கூடைப்பந்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை அரை நூற்றாண்டைக் கடந்து நடக்கிறது. பெண்களுக்கு பம்பு நிறுவனம் ஒன்றின் பெயரில் கோப்பை இருக்கிறது. நாட்டின் பெரிய அணிகளெல்லாம் கோவைக்கு வந்து ஆடிப் போகின்றன.

டென்னிஸுக்கு எப்போதோ ஒருமுறை நடக்கும் போட்டி போதாது. கோவை, ஈரோடு, சேலம் என்று மூன்று ஊர்களில் அடுத்தடுத்த மூன்று வாரம், ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும். அந்த 15,000 டாலர் போட்டி ஒன்றுக்கான பரிசுத்தொகை சுமார் 13 லட்சம் ரூபாய். நடத்தும் செலவு தனி. பெரிய தொகைதான். ஆனால் இங்குள்ள ஆலைகளுக்கும் பம்பு, பனியன் நிறுவனங்களுக்கும் சேர்ந்து தூக்க முடியாத சுமை அல்ல. அந்த மூன்று வாரமும் இருபது வயதுப் பையன் ஒருவன் ஷார்ம் எல் ஷேக் போகாமல், பஸ் ஏறிப் போய்த் தரவரிசைப் புள்ளி எடுக்கலாம்.

ஆனி, ஆடியில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் செர்வ் போடத் தூக்கிய பந்து தலைக்கு மேலேயே நகர்ந்துவிடும். தை, மாசியில் வையுங்கள்.