நூற்கும் கையின் இன்பம்



"மூன்று சோடிக் காலுறை நூறு ரூபாய்" என்று தெருவோரத்தில் கூவி விற்கும் காலம் இது. இக்காலத்தில் ஒருவர் கம்பளி நூலும் ஊசியும் வாங்கி, பல மாலைப் பொழுதுகளைச் செலவிட்டு ஒரு சோடிக் காலுறை பின்னுவாரானால், அவரைப் பார்த்து நகைக்காதவர் சிலரே. ஆலைகளில் ஒரே நாளில் மலைபோல நூல் குவியும்போது, தக்ளியைச் சுழற்றி முழக்கணக்கில் நூற்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. "உமக்குப் பொழுது போகவில்லையா?" என்பதே உலகத்தாரின் கேள்வி. அந்தக் கேள்விக்கு இம்மாதம் சற்று நிதானமாகவே விடை தேடுவோம்.

முதலில் நூற்பு. பருத்திப் பஞ்சில் ஒற்றை இழையைப் பிரித்து எடுத்துப் பாருங்கள். அதன் நீளம் பெரும்பாலும் ஓர் அங்குலத்தைச் சுற்றியே இருக்கும். பச்சைக் குழந்தை இழுத்தாலும் அறுந்துவிடும். அத்தகைய வலுவற்ற, குட்டையான இழைகள் ஆயிரமாயிரம் சேர்ந்துதான் ஆளைத் தாங்கும் கயிறாகவும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஆடையாகவும் ஆகின்றன. அவற்றை ஒட்டவைக்கப் பசை இல்லை. பிணைக்க முடிச்சும் இல்லை. முறுக்கு ஒன்றே அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. முறுக்கு ஏற ஏற, இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பற்றிக்கொள்கின்றன. இழுக்கும்போது அந்தப் பற்று தளர்வதற்கு மாறாக இன்னும் இறுகுகிறது.

கொட்டை நீக்கி, வில்லால் அடித்துத் தூசு போக்கி, திரியாக உருட்டிய பஞ்சை இடக்கையில் ஏந்தி, வலக்கையால் தக்ளியைச் சுழற்றிவிட்டால், அந்தச் சுழற்சி பஞ்சினுள் ஏறுகிறது. கை மெல்ல மேலெழும்ப, திரியிலிருந்து இழைகள் வழுவி வழுவி நீள்கின்றன. ஒரு கணத்திற்கு முன் புகைபோல இருந்த பஞ்சு, விரல் நுனியிலேயே நூலாக மாறுவதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே கை உணர்ந்துவிடுகிறது. நூற்பவருக்கு மட்டுமே உரிய இன்பம் இது. எத்தனை முறை நூற்றாலும் அது பழையதாவதில்லை.

நூற்கத் தொடங்கும் எவருக்கும் முதற்பாடம் முறுக்கின் அளவுதான். முறுக்குக் குறைந்தால் இழைகள் வழுவிப் பிரிந்துவிடும். மிகுந்துவிட்டாலோ, நூல் தன்மேல் தானே சுருண்டு சிக்கலாகும். போதிய அளவு எதுவென்று ஏட்டில் எழுதிவைக்க இயலாது. பஞ்சுக்குப் பஞ்சு அது வேறுபடும். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கு இதை நான் விளக்கவேண்டுவதில்லை. மற்றொன்றும் உண்டு. நூற்கும்போது நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவதில்லை. அறுந்த முனையைச் சற்றுப் பிரித்துப் பஞ்சின்மேல் வைத்து மீண்டும் சுழற்றினால் போதும். புதிய பஞ்சு பழைய நூலைத் தானே பற்றிக்கொள்ளும். அறுந்த இடம் எதுவென்று பிறகு தேடினாலும் கிடைப்பது அரிது.

அடுத்து, காலுறைப் பின்னல். நம் நாட்டுச் சமவெளியில் காலுறைக்கு அத்துணைத் தேவை இல்லை. ஆயினும் உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலையூர்களில் வாழ்வோர்க்கு அதன் அருமை தெரியும். சமவெளியிலுங்கூட, பிறக்கவிருக்கும் குழந்தைக்கென்று அத்தையோ பெரியம்மாவோ பின்னிவைக்கும் சிற்றுறைகளை நம் வீடுகள் அறியும். பல தாய்மார் கன்னியர் மடப் பள்ளிகளின் தையல் வகுப்பிலேயே இக்கலையைக் கற்றனர்.

காலுறை பின்னுவோர் இருமுனையும் கூரான நான்கோ ஐந்தோ ஊசிகளைக் கையாள்வர். ஓர் ஊசி பின்ன, மற்றவை கண்ணிகளைத் தாங்கி நிற்கும். பின்னல் சுற்றிச் சுற்றிக் குழாய்போல இறங்கி வரும். கணுக்கால் வரை வேலை எளிது. பேசிக்கொண்டும், செபமாலையைச் செவியால் தொடர்ந்துகொண்டும் பின்னலாம். குதிகாலை அடைந்ததும் பேச்சு நிற்கும். அங்கே கண்ணிகளில் பாதியை ஒதுக்கிவிட்டு, மறுபாதியை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி, ஒவ்வொரு வரிசையையும் முடிவுக்கு முன்பே திருப்பிக் கண்ணிகளைக் குறைத்து வரவேண்டும். தட்டையாக இருந்த பின்னல் அப்போது தானாகவே வளைந்து, ஒரு சிறு கிண்ணம்போலக் குழிகிறது. வெட்டும் இல்லை, தையலும் இல்லை. தொடங்கியபோது நேராக ஓடிய அதே நூல், மனிதக் குதிகாலின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. முதன்முறையாகக் குதிகாலைத் திருப்பி முடித்தவர் அதை வீட்டார் அனைவர்க்கும் காட்டாமல் இருப்பதில்லை. மெல்லிய நூலால் பெரியவர் ஒருவர்க்குப் பின்னினால், ஒரு காலுக்கே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் ஆகும். அத்தனையும் ஒரே ஒருவரின் பாதத்தை எண்ணிக்கொண்டு இடப்பட்டவை. கடையில் வாங்கும் காலுறை எவர்க்கும் பொருந்தும். இது அவர்க்கென்றே பிறந்தது.

1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில், சேறும் நீரும் நிறைந்த பதுங்கு குழிகளில் நாட்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் புண்ணாகி அழுகின. உலர்ந்த காலுறையை அடிக்கடி மாற்றுவதே அதற்குக் காப்பாக இருந்தது. பல நாட்டுப் பெண்கள், தாம் ஒருநாளும் காணப்போகாத வீரர்களுக்காகக் காலுறை பின்னி அனுப்பினர். சிலர் உள்ளே ஒரு சிறு கடிதத்தையும் வைத்தனர். நம் நாட்டிலும் இத்தகைய அன்பின் சான்று உண்டு. 1942-ஆம் ஆண்டில் இந்திரா மணமகளாக உடுத்திய சேலை, அவர் தந்தை நேரு சிறையில் இருந்தபோது நூற்ற நூலால் நெய்யப்பட்டது. மகளுக்குச் செல்வந்தத் தந்தை ஒருவர் எவ்வளவோ வாங்கித் தரலாம். சிறைக்குள் இருந்த தந்தைக்குத் தர முடிந்தது தம் கைந்நூல். அந்தச் சேலைக்கு ஈடு ஏது?

இவ்வாறு இன்பத்தைப் பற்றிப் பேசும்போது, ஓர் உண்மையை மறைத்துவிடலாகாது. நம் முன்னோர்க்கு நூற்பு பொழுதுபோக்காக இருந்ததில்லை. நூற்கும் பெண்ணைச் சங்கச் சான்றோர் 'பருத்திப் பெண்டு' என்றனர். புறநானூற்றில் அவள் இரவிலே சிறு விளக்கின் ஒளியில் காணப்படுகிறாள். ஆதரவற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை குறிக்கிறது. வேறு வழியின்றி உழைத்த கைகள் அவை. ஆயினும் தமிழர் அந்தக் கைகளை இழிவாக எண்ணவில்லை என்பதற்கு நம் மொழியே சான்று. இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்ற ஒரே பெயரை இட்டனர். பவணந்தி முனிவர் தம் நன்னூலில், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்தார். இலக்கண ஆசிரியர் ஒருவர் புலமைக்கு ஒப்பாக நூற்கும் பெண்ணைத் தேர்ந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

காலுறை பின்னும் பொறியை இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-இலேயே அமைத்துவிட்டார். நூற்பு எந்திரங்கள் அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே வந்தன. அவை வந்தபின், ஆலைநூல் நம் சிற்றூர்களுக்குள் புகுந்தது. நெசவாளர் அந்த நூலை வாங்கித் தறியை ஓட்டினர். நூற்ற பெண்களுக்கோ வேலையே இல்லாமற் போயிற்று. காந்தியடிகள் இராட்டையை மீண்டும் எடுத்ததன் பொருள் இதுவே. 1924-இல் பெல்காமில் அவர் தலைமையில் கூடிய காங்கிரசு, திங்கள்தோறும் 2,000 கெஜம் நூல் அளிப்பதை உறுப்பினர்க்கு நிபந்தனை ஆக்கிற்று. 1925-இல் அனைத்திந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். வானம் பொய்த்த அவ்வட்டாரத்தில், வீட்டிலிருந்தே நூற்றுக் கூலி பெற்ற பெண்களுக்கு அது கஞ்சி வார்த்தது.

2,000 கெஜம் என்பது எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு கெஜ நீளமும் 45 அங்குல அகலமும் உள்ள ஒரு வேட்டியில், அங்குலத்திற்கு 50 இழை வீதம் பாவும் ஊடையும் இருப்பதாகக் கொள்வோம். பாவுக்கு 9,000 கெஜம், ஊடைக்கு 9,000 கெஜம், ஆக 18,000 கெஜம் நூல் வேண்டும். அதாவது பத்து மைலுக்கும் மேல். ஞாயிறு காலை நாம் உடுத்தி வரும் வெள்ளை வேட்டியைப் பிரித்து நீட்டினால், பத்து மைல் தொலைவிலுள்ள அடுத்த பங்கின் கோவில் வாசலைக்கூடத் தொடும்! திங்களுக்கு 2,000 கெஜம் நூற்பவர்க்கு, அந்த ஒரு வேட்டிக்கு ஒன்பது மாதம் ஆகும். உடுக்கும் நமக்கு ஒன்பது விநாடிகூட அந்த நினைவு வருவதில்லை.

கைந்நூற்பின் பயன் இங்கேதான் தொடங்குகிறது. தக்ளியில் ஒரு முழம் நூற்றவன், அதன்பின் எந்தத் துணியையும் பழைய கண்ணோடு பார்க்கமாட்டான். 1935-இல் காந்தியடிகள், நூற்போரின் கூலியை உயர்த்தியே தீரவேண்டும் என்று வற்புறுத்தினார். கூலி உயர்ந்தால் கதரின் விலை ஏறும், விற்பனை விழும் என்று அஞ்சியவர்கள் அவர் அன்பர்களிடையேயும் இருந்தனர். அவர் இணங்கவில்லை. பட்டினியால் மலிவான கதர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் தாமே நூற்றவர் ஆதலால், நூற்பவர் வயிறு அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று நிலைமை என்ன? 1920-களில் கதருக்குப் பேர்போன திருப்பூர், இன்று பின்னலாடை நகரமாக உலகறிய விளங்குகிறது. இந்தியாவிலேயே நூற்பாலைகள் மிகுந்த மாநிலம் நம் தமிழ்நாடுதான். கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில், நம் சிற்றூர்ப் பெண்பிள்ளைகள் விடுதிகளில் தங்கி, இரவு முறையிலும் கதிர்களுக்கிடையே நின்று அறுந்த இழைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சுத் தூசு அவர்கள் மூச்சில் கலக்கிறது. பருத்திப் பெண்டின் சிறு விளக்குக்குப் பதில் இன்று மின்விளக்கு எரிகிறது. விழித்திருக்கும் கண்கள் மட்டும் அவையேதாம். "மூன்று சோடி நூறு ரூபாய்" என்ற கூவலைக் கேட்கும்போது, அந்த நூறு ரூபாயில் அப்பிள்ளைகளின் பங்கு எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவர் யார்? ஒரு முறையேனும் தாம் நூற்றவரே. ஒரு குதிகாலையேனும் தாம் திருப்பியவரே.

விவிலியத்தில் நீதிமொழிகள் நூலின் இறுதி அதிகாரம் நல்ல இல்லத்தரசியின் கையில் கதிரைக் கொடுத்துக் காட்டுகிறது. அதை அடுத்த அடியிலேயே, அந்தக் கை ஏழையை நோக்கி நீள்கிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்தது தற்செயலன்று என்றே நான் எண்ணுகிறேன். உழைப்பை அறிந்த கைக்கு, உழைப்பவரை நோக்கி நீள்வது எளிது.

ஆகவே, பொழுது போகவில்லையா என்று கேட்பவர்க்கு நம் விடை இது: பொழுதை நாம் போக்கவில்லை, அதன் விலையைக் கற்றுக்கொள்கிறோம். இவ்வேலையால் குடும்பச் செலவு குறையும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல கம்பளி நூலின் விலை கடைக் காலுறையின் விலையை விஞ்சும். வருமானத்திற்காக இதைத் தொடங்குவோர் சலிப்படைவர். இன்பத்திற்காகத் தொடங்குவோர் நிலைப்பர்.

இந்த மாதம் ஒன்று செய்யுங்கள். எழுபது வயதைக் கடந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், பள்ளியில் தக்ளி சுற்றிய கதையைக் கேளுங்கள். கைத்தொழில் வகுப்பில் நூற்றவர்கள் அவர்களில் பலர் உண்டு. விரல்கள் அதை எளிதில் மறப்பதில்லை. சிறிது பஞ்சும் ஒரு தக்ளியும் கிடைத்தால் போதும். பின்னல் அறிந்த பாட்டியிடம் பேத்தியை மட்டும் அனுப்பாதீர்கள்; பேரனையும் அனுப்புங்கள். ஐரோப்பாவின் பழைய பின்னற் சங்கங்களில் ஆடவரே தொழில் செய்தனர். நம் நாட்டில் தலைவர்கள் சிறையில் நூற்றனர். இதில் ஆண்மைக்குக் குறைவு ஏதுமில்லை. குழந்தை நூற்கும் முதல் நூல் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும், நகைக்காதீர்கள். அதை எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து நூற்ற நூலை அதன் அருகில் வைத்துக் காட்டினால், எந்தப் பரிசும் அதற்கு நிகராகாது.

அடுத்த முறை கைத்தறிக் கடையிலோ கதர் அங்காடியிலோ நின்று, "இன்னும் இருபது ரூபாய் குறைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்க வாய் திறக்கும்போது, உங்கள் பிள்ளை உங்கள் சேலைத் தலைப்பை மெல்லப் பிடித்து இழுத்து, "வேண்டாம் அம்மா, பத்து மைல் நூல்" என்று சொல்லுமானால், அந்தத் தக்ளி தன் வேலையைச் செய்துவிட்டது.