குறட்டைக்குச் சாட்சி யார்?

ஏக இறைவன் மனிதனுக்கு அருளிய கொடைகளுள் உறக்கம் தலையாயது. சாவுக்கு அவ்வுறக்கத்தையே உவமையாக்கினார் வள்ளுவர். சிலர்க்கு அவ்வுவமை இரவுதோறும் மெய்யாகும் அளவுக்கு நெருங்கி வருவதை நம் இல்லங்கள் இன்னும் உணரவில்லை.

குற்றாலச் சாரல் இலத்தூர் வரை வீசும் ஆனி, ஆடி இரவுகளில், திண்ணையில் துயிலும் பெரியவரின் குறட்டை தெருக்கோடி வரை கேட்கும். ‘அசந்து தூங்குகிறார்’ என மகிழ்வோம். உற்றுக் கேட்டால், சிலரிடம் அவ்வொலி திடீரென நிற்பதும், பத்து, இருபது நொடி மூச்சே இல்லாதிருப்பதும், பின் திணறலோடு மீள்வதும் புலப்படும். ‘ஸ்லீப் ஏப்னியா’ எனும் உறக்க மூச்சுத்தடையின் அடையாளம் இதுவே. 2022 பிப்ரவரியில் இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் மறைந்தபோது மருத்துவர்கள் இதனைக் காரணமாகக் கூறினர். நம்மில் பலர் அப்போதுதான் இப்பெயரையே கேட்டோம்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. மார்போ காற்றை இழுக்கப் போராடுகிறது. அவ்விழுவிசையில் இதயத்தின் மெல்லிய மேலறைகள் விரிகின்றன. குருதியில் ஆக்சிஜன் குறைகிறது. இரத்த அழுத்தம் எகிறுகிறது. கடுமையான நோயுடையார்க்கு இஃது ஓரிரவில் நூறு முறைக்கு மேலும் நிகழ்வதுண்டு. ஆண்டுக்கணக்கில் அலைக்கழிந்த மேலறைகள் சீரான துடிப்பை இழந்து நடுங்கத் தொடங்கலாம். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பர். அங்கே தேங்கும் குருதி உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். துடிப்பை மின்னதிர்வால் சீராக்கிய பின், மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெறாதவருள் 82 விழுக்காட்டினர்க்கு ஓராண்டுக்குள் அக்கோளாறு திரும்பியது. பெற்றவருள் 42 விழுக்காட்டினர்க்கே திரும்பியது. சிறிய ஆய்வுதான். எனினும் இதயத்துக்கு மாத்திரை தந்து மூச்சை மறப்பது அரைவைத்தியம் என்பதே என் துணிபு. ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவி இன்றும் முதன்மைச் சிகிச்சையாக உள்ளது. அதனை வாங்கி அலமாரியில் வைப்பதால் மட்டும் பயனில்லை!

இந்நோயை நோயாளி அறியார். தம் குறட்டையைத் தாமே கேட்பவர் யார்? அறிந்தவர் அருகே விழித்துக் கிடக்கும் மனைவி. ஆனால் மருத்துவரிடம் வாப்பாவை அழைத்துச் செல்பவன் மகன். உம்மா வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கணவரின் குறட்டையைப் பிறரிடம் உரைப்பது மரியாதைக் குறைவென எண்ணுகிறார். சுபுஹுக்கு எழும்போதே வரும் தலைவலியையும், ஜும்ஆ குத்பாவின்போது கண்ணயர்வதையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மாணவர்களே, அடுத்த முறை உம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் வர இயலாவிடில், ஓரிரவின் குறட்டையைக் கைப்பேசியில் பதிந்தேனும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.