வேத ஆராய்ச்சியை எந்த மொழியில் திட்டமிடுவது?

வாலிபர் ஐக்கியத்தின் வேத ஆராய்ச்சித் திட்டம் பெரும்பாலும் ஒரே முறையில் உருவாகிறது. எந்த நூல், எத்தனை வாரம், யார் நடத்துவது ஆகிய மூன்றுக்கும் விடை எழுதியதும் திட்டம் முடிந்துவிடுகிறது. எந்த மொழியில், எந்த மொழிபெயர்ப்பில் என்ற கேள்வி எழுவதே அரிது. திருவனந்தபுரத்தின் தமிழ்ச் சபைகளில் அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1806-இல் ரிங்கல்தௌபே தெற்குத் திருவிதாங்கூரில் தொடங்கிய இலண்டன் மிஷன் பணி முதன்மையாகத் தமிழில் நடந்தது. திருவனந்தபுரத்தை நெருங்க நெருங்க மலையாளமும் உடன் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தது; குடும்பங்களும் சபைகளும் அவ்வாறு பிரியவில்லை. இன்று தலைநகரின் தமிழ்ச் சபைகளில் வளரும் இளையோர் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ கற்கின்றனர். ஆராதனையில் கேட்கும் 1871-ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பு அவர்களுக்குச் செவிக்குப் பழக்கம், கண்ணுக்கு அந்நியம்.

இந்நிலையைக் குறையாகவே கருதுவது வழக்கம். ஆனால் இரு மொழி அறிந்தவர் ஒரு மொழி மட்டும் அறிந்தவரைவிட மூலத்துக்கு ஒரு படி அருகில் நிற்க முடியும்.

எபிரெயர் நிருபத்தின் 9-ஆம் அதிகாரம் நல்ல சான்று. அதன் 15 முதல் 17 வரையுள்ள வசனங்களின் வாதம் ‘தியாதேக்கே’ என்ற கிரேக்கச் சொல்லின் மேல் நிற்கிறது. உடன்படிக்கை, இறப்பவர் எழுதிவைக்கும் உயில் என்னும் இரு பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 15-ஆம் வசனத்தில் ‘உடன்படிக்கை’ என்றும், அடுத்த வசனத்தில் ‘மரணசாசனம்’ என்றும் சொல்லை மாற்றுகிறது. ஒவ்வொரு வசனமும் தெளிவாகிறது; ஆனால் பேச்சு ஏன் திடீரென்று சாசனத்துக்குத் தாவியது என்பது விளங்குவதில்லை. மலையாள சத்தியவேதபுஸ்தகம் ‘நியமம்’ என்ற ஒரே சொல்லைக் காக்கிறது. வாதத்தின் தொடர்ச்சி நிலைக்கிறது. ஆனால் இன்று ‘சட்டம்’ என்றே முதலில் பொருள்படும் அச்சொல்லுக்குள் உயில் மறைந்துவிடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் மூலத்தின் முடிச்சு புலப்படுகிறது. ஒரே நூல் தமிழில் ‘புதிய ஏற்பாடு’ என்றும், மலையாளத்தில் ‘புதிய நியமம்’ என்றும் பெயர் பெற்றதற்கும் இதே சொல்தான் காரணம்.

விசுவாசத்தை வளர்க்க வேண்டிய நேரம் சொல்லாராய்ச்சியில் கரைந்துவிடும் என்பது ஒரு மறுப்பு. அளவு மீறினால் அது உண்மையே. ஆயினும் நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டபோது லேவியர் அதன் பொருளை மக்களுக்கு விளக்கினர். அரமேய மொழி பரவிய காலத்தின் மொழிபெயர்ப்பு மரபுக்கு அதுவே தொடக்கம் எனக் கருதும் அறிஞரும் உளர். வாசிப்பும் விளக்கமும் அங்கே ஒரே வழிபாட்டுச் செயலாக நிகழ்ந்தன.

எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம் என்பது இன்னொரு வாதம். ஆங்கில வேதாகமமும் ஒரு மொழிபெயர்ப்பே. அது மூலத்துக்கு மாற்று ஆகாது. மேலும், வீட்டில் பாட்டி செய்யும் ஜெபத்தின் சொற்கள் தமிழில் உள்ளன. கிருபை, இரட்சிப்பு, நீதிமான் ஆகிய சொற்களின் பொருளை வாலிபர் ஐக்கியம் கற்பிக்காவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அந்த ஜெபம் வெறும் ஓசையாகவே எஞ்சும். இழப்பு மொழியோடு நிற்பதில்லை. ஒரே வீட்டில் இருவர் சேர்ந்து ஜெபிக்கும் வாய்ப்பும் குறைகிறது.

ஆகவே திட்டம் எளிதாக அமையலாம். வாரத்துக்கு ஒரு பகுதி. அதைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும், மலையாளத்திலும் உரக்க வாசிக்கலாம். மொழிபெயர்ப்புகள் பிரியும் இடங்களில் இரண்டு சொற்களை மட்டும் தெரிந்தெடுக்கலாம். முதல் இருபது நிமிடம் அவற்றுக்கு; மீதி நேரம் அப்பகுதி வாழ்வில் கேட்கும் கேள்விக்கு. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கும் இளைஞரிடம் மலையாள வாசிப்பை ஒப்படைத்தால், அதுவரை மௌனமாக இருந்தவர் அன்று குழுவுக்குத் தேவையானவர் ஆகிறார். வேத ஆராய்ச்சியைத் திட்டமிடுபவர் முதலில் தயாரிக்க வேண்டியது தலைப்புப் பட்டியல் அன்று. யார் எந்த மொழியில் வாசிக்கிறார் என்ற பட்டியல்.